வரட்சியைத் தாங்கும் பயிரைத் தேடும்போது எங்கே பிழைக்கிறோம்?

கொழும்பில் தாவர இனவிருத்தி படிக்கும் பிள்ளைகள் பலரும் வரட்சிச் சோதனையைச் சாடியில்தான் தொடங்குகிறார்கள். நானும் வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் பயறு நட்டுத் தண்ணீரை நிறுத்தினேன். செழித்து நின்ற செடிகள் மூன்றாம் நாளே தலை சாய்ந்தன. சோனிச் செடியொன்று பச்சையாக நின்றது. அதையே தாங்கும் செடி என்று குறித்து வைத்தேன். பெரும் பிழை. பெரிய செடிக்கு இலைப்பரப்பு அதிகம், சாடியிலுள்ள நீரைச் சீக்கிரம் குடித்து முடித்துவிடும். சின்னச் செடிக்கு அந்த நீர் இன்னும் மிச்சம். இரண்டும் ஒரே வரட்சியைக் காணவேயில்லை. வேர் ஆழமாக இறங்குமா என்பதையும் ஓரடிச் சாடி காட்டாது.

சரி, வயலுக்குப் போகலாம். கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மகா இலுப்பள்ளம போன்ற உலர்வலய ஆய்வு நிலையத்துக்குத்தான் போகவேண்டும். அங்கும் ஏப்ரலில் ஒரு மழை கொட்டினால் சிறுபோகச் சோதனை குழம்பிவிடும். இதற்காகத்தான் தண்டவாளத்தில் நகரும் மழைத்தடுப்புக் கூரை: மழை வந்தால் பாத்தியை மூடும், விட்டதும் விலகும். கூரையை நம்பி நிலத்தின் கீழே நடப்பதை மறந்துவிடுகிறோம். பக்கத்துப் பாத்திக்குப் பாய்ச்சிய நீர் மண்ணுக்குள்ளால் கசிந்து வரும். நடுவில் பொலித்தீன் தடுப்பை ஆழமாகப் புதைக்கவேண்டும். மண் ஈரத்தைப் பல ஆழங்களில் தொடர்ந்து அளக்கவேண்டும். அந்த எண்கள் இல்லாமல், எந்த இனம் எவ்வளவு வரட்சியைத் தாங்கியது என்று எப்படிச் சொல்வது?

நெல்லில் இதைவிட அதிகம் ஏமாற்றுவது நாள் கணக்கு. எல்லா இனத்துக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்துவார்கள். மூன்று மாத நெல் அதற்குள் பூத்து முடிந்திருக்கும். நாலரை மாத நெல் கதிரே தள்ளியிராது. நடுவில் அகப்படுவது மூன்றரை மாத நெல். பூக்கும் தறுவாயில் நீரில்லாவிட்டால் கதிர் பாதி இலையுறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியே வந்த மணியை விரலால் நசுக்கிப் பாருங்கள், உள்ளே ஒன்றுமிராது, வெறும் பதர். முந்திப் பூத்த நெல் வரட்சியைத் தாங்கவில்லை, அதிலிருந்து தப்பியது. தப்புவதும் நல்ல குணம்தான். ஆனால் தாங்கும் இனம் என்று அதைப் பதிவது சரியல்ல. விதைப்பை முன்பின்னாகத் தள்ளி, எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கும்படி செய்தால்தான் ஒப்பிடலாம்.

அப்புறம், இலை சுருள்வதை மட்டும் பார்த்துப் புள்ளி போடுவது. நடுப்பகலில் சுருண்ட இலை நீரைச் சேமித்துக்கொண்டும் இருக்கலாம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நீர் குறைந்த வயலில் கிடைத்த விளைச்சலையே எடை போட்டுத் தெரிவு செய்யத் தொடங்கிய பின் நல்ல இனங்கள் வந்தன. 2010 இல் இந்தியாவில் வெளியான ‘சகபாகி தான்’ (Sahbhagi Dhan) என்ற நெல் அப்படி வந்தது.

கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, மழை நல்லாப் பெய்தா இது எவ்வளவு தரும்?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் போகம் நீர் பாய்ச்சிய பாத்தி ஒன்றைப் பக்கத்தில் போடாமலே விட்டிருந்தேன்.