வலைப்பந்தலுக்குள் பச்சோந்தி: கை படாமல் வெளியே விட்ட விதம்

ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டுப் பின்புறம் நாற்றுக்குப் போட்ட பச்சை வலைப்பந்தலுக்குள் ஒரு பச்சோந்தி புகுந்துவிட்டது. கீழே பக்கத்து வீட்டுப் பூனை காவல். நாள்கள்தான் போயின, இறக்க முடியவில்லை.

கையை நீட்டினால் உடம்பை உப்பி, கறுத்து, வாயைப் பிளந்து சீறும். துணி போட்டுப் பிடிக்கலாம் என்றார் சித்தப்பா. துணியைக் கண்டதுமே உச்சிக்கு ஏறிவிட்டது. இழுக்கவும் கூடாது, இரண்டும் மூன்றுமாகப் பிரிந்த விரல்கள் இடுக்கி மாதிரி வலையைப் பற்றியிருக்கும், நகம் பிய்ந்துவிடும். கதவைத் திறந்துபோட்டும் பயனில்லை. அது இறங்கினால்தானே!

கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. காலையில் அது கறுத்திருப்பது கோபத்தால் அல்ல, வெயில் காய. இருண்ட நிறம் சூட்டைச் சீக்கிரம் வாங்கும். உடம்பு சூடேறிப் பச்சையான பிறகு போனால் சீற்றம் குறைவு. மேலிருந்து வரும் கைக்குத்தான் அதிகம் மிரள்கிறது, பருந்துப் பயமோ என்னவோ.

விரல் பருமனுள்ள வேப்பங்கொம்பை முன்னங்காலுக்குச் சற்றுக் கீழே, மறுநுனி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க நீட்டினேன். (வழுவழு பிவிசி குழாயில் அது காலே வைக்கவில்லை.) எங்கள் ஊர்க் காற்றில் கொம்பு ஆட, அதுவும் கூடவே ஆடிக்கொண்டு ஏறியது. பலரும் தவறவிடுவது வாலை: நான்கு காலும் கொம்புக்கு வந்த பிறகும் வால் வலையைச் சுற்றியிருந்தது. அது தானாக அவிழும்வரை அசையாமல் நின்றேன். பிறகு கொம்போடு வேலியோரப் புளியமரத்தில் சாய்த்துவைத்தேன்.

வளர்க்கலாமே என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. அடிபட்டதென்றால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.