புற்றுநோயாளிக்கு டெலி ஐசியூ: எங்கே தவறுகிறோம்?

ஐசியூவில் இருக்கும் நோயாளியைத் தொலைவிலிருந்து ஒரு நிபுணர் வீடியோவில் பார்த்து ஆலோசனை சொல்வதுதான் டெலி ஐசியூ. பெரிய திரை, சுழலும் கேமரா, நல்ல இணையம் இருந்தால் டெலி ஐசியூ தயார் என்று நினைப்பதிலிருந்தே தவறு தொடங்குகிறது. பிரேசிலில் 30 ஐசியூக்களில் நடந்த டெலஸ்கோப் ஆய்வு 2024-இல் வெளியானது. தீவிர சிகிச்சை நிபுணர் தொலைவிலிருந்து தினமும் ரவுண்ட்ஸ் பார்த்தும், நோயாளிகள் ஐசியூவில் தங்கும் நாட்கள் குறையவில்லை. பொது ஐசியூவிலேயே இப்படி என்றால், புற்றுநோயாளியின் கதை இன்னும் சிக்கலானது.

வீடியோ அழைப்புக்காகக் காத்திருப்பதுதான் ஆபத்தான தவறு. பல கீமோ மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளணு) அடிமட்டத்துக்குப் போய்விடும். அப்போது 101 டிகிரி காய்ச்சல் ஒருமுறை அடித்தாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, கல்ச்சருக்கு (கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். "சார் லைனுக்கு வரட்டும்" என்று நின்றால் அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடும். முதல் டோஸுக்கான உத்தரவு எழுத்தில் முன்பே இருக்கட்டும். இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலும், ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் ஆலோசனை கேட்கும்போது முடிவெடுக்கும் பொறுப்பை நோயாளியின் பக்கத்தில் இருப்பவரிடமே விடுகிறது.

காய்ச்சலே வராமலும் போகலாம். ஸ்டீராய்டு அதை அமுக்கிவிடும். வீட்டில் விழுங்கிய பாராசிட்டமாலும்தான். வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, எக்ஸ்ரேயில் நிமோனியாவும் தாமதமாகத்தான் தெரியும். அதனால் வாய்ப்புண், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்) போட்ட இடம், ஆசனவாய்ப் பகுதி மூன்றையும் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். (பார்த்தால் போதும், ஆசனவாய்க்குள் விரலோ தெர்மாமீட்டரோ வேண்டாம்.) கேமரா போகாத இடங்கள் இவை. நோயாளியும் கூச்சத்தில் வாய் திறக்க மாட்டார்.

லேப் எண்கள் இன்னொரு கண்ணி. ரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் லட்சக்கணக்கில் இருந்தால், அவை குழாயிலேயே உடைந்து பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் ராஸ்புரிகேஸ் மருந்து போட்டவரின் ரத்தத்தை உடனே ஐஸில் வைக்காவிட்டால், அந்த மருந்து குழாய்க்குள்ளும் யூரிக் அமிலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். யூரிக் அமிலம் குறைவு என்று ரிப்போர்ட் அழகாக வரும், நோயாளியின் கிட்னி கெட்டுக்கொண்டிருக்கும். தொலைவில் இருப்பவருக்கு எண் மட்டும்தானே போகிறது. ரத்தம் எப்படி எடுத்து, எதில் வைத்து அனுப்பினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புற்றுநோய் மருத்துவர் இல்லாமல் அழைப்பை நடத்தாதீர்கள். இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டும் புற்றுநோய் சிகிச்சை) எடுத்தவருக்கு வரும் மூச்சுத்திணறல் கிருமியாலும் இருக்கலாம், மருந்தாலும் இருக்கலாம். மருந்தால் என்றால் ஸ்டீராய்டு தேவைப்படும். கடைசி டோஸ் போட்டுச் சில மாதம் கழித்தும் இது வரும். கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே மருந்தின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும்.

வென்டிலேட்டர் போடலாமா, வேண்டாமா என்ற பேச்சைத் திரையில் தெரியும் முகத்திடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. பாதி வாக்கியத்தில் வீடியோ உறைந்து நிற்கும்போது, குடும்பத்தாரின் பக்கத்து நாற்காலியில் அந்த வார்டின் டாக்டர் உட்கார்ந்திருக்க வேண்டும்.