6174 வர வேண்டுமா? நாலு கட்டம் போடுங்கள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு கைக்குப் படிய, நான் கொடுப்பது ஒரே ஒரு எண்தான்: 6174. நோட்டில் வரிசைக்கு நாலு கட்டம் போடச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். கட்டம் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள். 3333 போல நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர் 4831 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களைப் பெரியதிலிருந்து அடுக்கினால் 8431, சிறியதிலிருந்து அடுக்கினால் 1348. கழித்தால் 7083. இதையும் அப்படியே அடுக்குங்கள்: 8730 − 0378 = 8352. இன்னொரு தடவை: 8532 − 2358 = 6174. அதற்கு மேல் எத்தனை முறை கழித்தாலும் 7641 − 1467 = 6174 என்று அங்கேயே நிற்கும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் வந்துவிடும். 2005-க்கு ஏழும் முழுசாக வேண்டும், போட்டுப் பாருங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர். 1949-ல் இதை அவர் வெளியிட்டது நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண்டது இது என்பதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லாமல் விட்டதே இல்லை.

இனி கட்டம். ஒரு வருஷம் ஒரு பெண் 1112-ஐ எடுத்தாள். 2111 − 1112 = 999. அடுத்து 999 − 999. "டீச்சர், எனக்கு சைபர்தான் வருது" என்று நோட்டை நீட்டினாள். கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. முன்னால் ஒரு பூச்சியம் விட்டுப்போயிருந்தது. 999 அல்ல, 0999. நாலாவது கட்டத்தை நிரப்பினோம்: 9990 − 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174. அன்றிலிருந்து கட்டம் போடாமல் நான் தொடங்குவதில்லை.

விடை சரியா என்று பார்க்க மறுபடி கழிக்க வேண்டாம். கழித்து வந்த எண்ணின் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் சேர்ந்து 10, நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்து 8 வர வேண்டும். 7083-ல் 7+3, 0+8. அடுக்கிய எண்ணின் நடு இலக்கங்கள் இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் நடுவில் 99 வரும், ஓரங்கள் சேர்ந்து 9 ஆகும். இரண்டிலும் அடங்காவிட்டால் கடன் வாங்கியதில் எங்கோ தவறு.

ஏன் இப்படி? அடுக்கியபின் ஓர இலக்கங்களின் வித்தியாசத்தை 999-ஆலும், நடு இலக்கங்களின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் அதுதான் விடை. 7641-ல் வித்தியாசங்கள் 6, 2. 5994 + 180 = 6174. இலக்கங்கள் எவையானாலும் இந்த இரண்டு வித்தியாசங்கள்தான் கணக்கு. அதனால் 0001 முதல் 9998 வரை எங்கே தொடங்கினாலும் முதல் கழித்தலில் வரக்கூடிய விடைகள் மொத்தமே 54. அந்த 54-ஐயும் ஒரு சார்ட்டில் எழுதி, எது எதற்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டால் எல்லா அம்பும் 6174-க்கே வந்து சேரும். ஒரு பீரியடில் முடிகிற வேலை. நாலு பேராகப் பிரித்துக் கொடுங்கள்.

முடித்தவர்களுக்கு மூன்று கட்டம் கொடுப்பேன். அங்கே 495-ல் நிற்கும். பிறகு இரண்டு கட்டம். அது எதிலும் நிற்காது: 09, 81, 63, 27, 45, மறுபடி 09.