ரோமானியக் கொள்ளையர் கதையை வரலாற்றுச் சான்றாக வாசிக்கும் முறை

ரோமானியக் கொள்ளையரைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அவர்களுக்கு அஞ்சியவர்களும் அவர்களைத் தண்டித்தவர்களும் எழுதியவையே. ஆகவே கதைக்குள் நுழையுமுன், சொல்பவர் யார், அவருக்கு யார்மீது மனத்தாங்கல் என்று பாருங்கள்.

ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில், கி.பி. 206-207 அளவில், 600 பேருடன் இத்தாலியை இரண்டு ஆண்டுகள் சூறையாடிய புல்லா என்ற கொள்ளையர் தலைவனை எடுத்துக்கொள்வோம். அவன் கதையைச் சொல்லும் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ ஒரு செனட்டர், அதாவது ரோமின் மேல்தட்டு ஆட்சிமன்ற உறுப்பினர். பேரரசர் தம் மெய்க்காவல் படைக்கு இத்தாலியரை விடுத்து மாகாணப் படைவீரரைச் சேர்த்ததால்தான் இத்தாலிய இளைஞர் கொள்ளையிலும் கிளாடியேட்டர் சண்டையிலும் இறங்கினர் என்று வேறோரிடத்தில் குறைப்பட்டவரும் அவரே. போதாக்குறைக்கு, இப்பகுதி 11ஆம் நூற்றாண்டில் ஒருவர் செய்த சுருக்கமாகவே நம் கைக்கு வந்திருக்கிறது.

அடுத்து, நாடகத்தையும் தகவலையும் பிரித்தெடுங்கள். ஆளுநர் வேடத்தில் சென்று தன் ஆட்கள் இருவரைச் சிறையிலிருந்து மீட்பது, தன்னைப் பிடிக்க வந்த அதிகாரியையே பிடித்து, நீதிபதியாக அமர்ந்து அவன் தலையில் ஒரு பகுதியை மழித்து, 'அடிமைகளுக்குச் சோறு போடுங்கள், அவர்கள் கொள்ளைக்கு வரமாட்டார்கள் என்று உன் எசமானர்களிடம் போய்ச் சொல்' என அனுப்புவது ஆகியவை அரசைக் கேலி செய்யவே அமைந்தவை போலத் தோன்றுகின்றன. ஆனால் அவன் கூட்டத்தில் குறைந்த கூலி பெற்றவர்களும் கூலியே பெறாதவர்களுமான, பேரரசரின் விடுதலை பெற்ற அடிமைகள் பலர் இருந்தனர் என்று டியோ போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். என் பார்வையில் அந்த ஒரு வரிக்கே மதிப்பு அதிகம்.

இல்லாததைச் சேர்க்காமலும் இருங்கள். புல்லா ஏழைகளுக்கு வாரி வழங்கியதாக டியோ எங்கும் கூறவில்லை. கைவினைஞரைச் சிலகாலம் வேலை வாங்கிவிட்டு அன்பளிப்புடன் அனுப்பினான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

பிறகு வேறு சான்றுகளோடு ஒப்பிடுங்கள். 'கொள்ளையரால் கொல்லப்பட்டவர்' என்று பொறித்த கல்லறைக் கற்கள் பல மாகாணங்களில் கிடைத்துள்ளன. பேர்போன கொள்ளையரை அவர்கள் திரிந்த இடத்திலேயே கொலைமரத்தில் ஏற்ற வேண்டும், அதைக் கண்டு பிறர் அஞ்சுவர், பலியானோரின் உறவினர் ஆறுதல் பெறுவர் என்கிறது ரோமானியச் சட்டத் தொகுப்பு.

இறுதியாக, கைதான புல்லாவிடம் தளபதி பாப்பினியன் 'ஏன் கொள்ளையனானாய்?' என்று கேட்க, 'நீர் ஏன் தளபதியானீர்?' என்று அவன் திருப்பிக் கேட்டதாக வரும் பேச்சு. இதே பாணியில் அலெக்சாண்டருக்குக் கடற்கொள்ளையன் ஒருவன் மடக்கிச் சொன்ன பதிலைப் பற்றி கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார். எனவே இதை மேற்கோள் காட்டும்போது புல்லாவின் வாய்மொழியாகத் தராமல், டியோ கூறியதாகவே தாருங்கள்.