ஐ2சி பஸ்ஸில் சென்சார் அளவுகளை அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டு படிக்கும் சென்சார் அளவை இஎஸ்பி32 போர்டு கேட்டு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்படி போர்டுகள் பேசிக்கொள்ளும் ஐ2சி முறைக்கு எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்) என்று இரண்டே வயர் போதும் என்பார்கள். அதை நம்பி மூன்றாவதை விட்டுவிடுகிறோம்: கிரவுண்ட். இரண்டு போர்டும் ஒரே லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகியிருக்கும்வரை எல்லாம் ஓடும், ஏனென்றால் கிரவுண்ட் அந்த வழியாகச் சேர்ந்திருக்கும். தனித்தனி பேட்டரிக்கு மாற்றிய அன்றே படுத்துவிடும்.

அடுத்தது புல்-அப். இந்த பஸ்ஸில் எந்த போர்டும் லைனைக் கீழே, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இழுக்க மட்டுமே செய்யும், மேலே தூக்குவது ரெசிஸ்டர்தான். ஆர்டுயினோ ஊனோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம், நீளமான வயருக்கு அது தாங்காது. வெளியே ஒரு ஜோடி 4.7 கிலோ ஓம் போடுங்கள். ஆனால் கடையில் வாங்கும் சென்சார் மாட்யூல்கள் பலவற்றில் புல்-அப் ஏற்கெனவே இருக்கும். அப்படி 4.7 கிலோ ஓம் உள்ள ஐந்து மாட்யூல் சேர்ந்தால் மொத்தம் 940 ஓம்தான். 5 வோல்ட்டில் அதன் வழியாகப் பாயும் மின்னோட்டம், ஐ2சி சிப்கள் இழுத்தாக வேண்டிய 3 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும். ஊனோ 5 வோல்ட், இஎஸ்பி32 3.3 வோல்ட், இரண்டுக்கும் நடுவே வோல்ட்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

வயரிங் தவறு உடனே தெரிந்துவிடும். நாள்கணக்கில் அலையவிடுவது டேட்டா தவறுதான். ஊனோவில் இன்ட் (முழு எண்) 2 பைட், இஎஸ்பி32-இல் 4 பைட். ஒரு பைட் ஐடி, அடுத்து 2 பைட் வெப்பநிலை என்று ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் அமைப்பு) எழுதினால் ஊனோவில் 3 பைட் வரும். இஎஸ்பி32 நடுவே ஒரு காலி பைட்டைச் செருகி 4 ஆக்கிவிடும். ஸ்ட்ரக்ட்டை அப்படியே அனுப்பாமல், 28.50 டிகிரியை 2850 ஆக்கி 11, 34 என்று இரண்டு பைட்டாகப் பிரித்து அனுப்புங்கள். எது முதலில் என்பதை இரு பக்கமும் எழுதி வையுங்கள். மாற்றிச் சேர்த்தால் 87.15 டிகிரி வரும்.

இதைவிடக் கள்ளத்தனமானது ஒன்று உண்டு. ஸ்லேவாக, அதாவது கேட்டால் மட்டும் பதில் சொல்லும் போர்டாக, இருக்கும் ஊனோவில் உள்ளது 8 பிட் சிப், ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் கையாளும். 2559-ஐ 2560 ஆக மாற்றுவதையே இரண்டு படியாகத்தான் செய்யும். சரியாக அந்த இடைவெளியில் மாஸ்டர் (கேட்கும் இஎஸ்பி32) கேட்டால், ஓடும் வேலையை நிறுத்திவிட்டு இன்டரப்ட் புகுந்து பாதி பழையது, பாதி புதியது என்று எடுத்துக் கொடுத்துவிடும். 25.59-க்கும் 25.60-க்கும் நடுவே திடீரென்று 28.15 தெரியும். எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும் என்பதால் சென்சார்மேல் பழி விழும். நான் நல்ல சென்சார் ஒன்றைக் கழற்றியே போட்டிருக்கிறேன். அளவை மாற்றும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்ட்டை நிறுத்தி வைத்தால் போதும். பதில் அனுப்பும் ஃபங்ஷனும் இன்டரப்ட்டுக்குள்தான் ஓடுகிறது. அதற்குள் டிலேயோ சீரியல் பிரிண்ட்டோ வேண்டாம்.

திரையில் -0.01 டிகிரி அசையாமல் நிற்கிறதா? அது குளிர் இல்லை, யாருமே பதில் சொல்லவில்லை. படிக்க எதுவும் இல்லாதபோது ஐ2சிக்கான ஆர்டுயினோவின் ‘வயர்’ லைப்ரரி -1 கொடுக்கும், நம் கணக்கு அதை நூறால் வகுத்துக் காட்டுகிறது. கேட்டது 2 பைட் என்றால் வந்ததும் 2 தானா என்று பார்த்த பிறகே படியுங்கள்.