சீனாவின் நிங்போ நகரத்துக்கு வருகிறவர்களுக்கு: அதிகாரிகளைப் பற்றிய பேச்சு

அறை, சிம், வீசாட் (அரட்டைச் செயலி), அலிபே (பணம் செலுத்தும் செயலி) எல்லாவற்றுக்கும் இங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் வழி சொல்லிவிடுவார்கள். சாப்பிடும் இடத்தில் அரசியல் பேச்சு வந்தால் என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

சீனர்கள் அரசைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். இரண்டாவது வாரமே, கூட வேலை பார்க்கும் ஒருவர் ‘தான்குவான்’களை, அதாவது லஞ்சம் தின்னும் அதிகாரிகளை, வறுத்தெடுத்தார். நான் முழிப்பதைப் பார்த்து ஒரு பழைய கதையும் சொன்னார்.

2007-இல் இதே நிங்போவின் ஹாய்ஷு மாவட்டத்து அதிகாரிகள் ‘சிங்லியன் ஜான்ஷி’ என்றொரு இணைய விளையாட்டை வெளியிட்டார்கள். நேர்மை வீரன் என்று பொருள். ஊழல் அதிகாரிகளை ஆயுதத்தாலும் மந்திரத்தாலும் தீர்த்துக்கட்டிக்கொண்டே போக வேண்டும். பிள்ளைகளுக்கு நேர்மை கற்பிக்கத்தானாம்! ஒரு லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கம் ஆனதாகப் பத்திரிகைகள் எழுதின. அதிகாரியை அடிக்கக் கற்றுக்கொடுத்ததே அதிகாரிகள்தான் என்பதில் இருக்கிறது விஷயம்.

‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்’ என்போமே, அதே கணக்கு. பெய்ஜிங் சாமி, உள்ளூர் அதிகாரி பூசாரி. பூசாரியைத் திட்டினால் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். 2013-இல் ஷி ஜின்பிங்கே ‘புலிகளையும் ஈக்களையும் சேர்த்தே அடிப்போம்’ என்றார். புலி பெரிய அதிகாரி, ஈ சின்ன அதிகாரி. கட்சியின் உச்ச அதிகாரக் குழுவான பொலிட்பீரோ நிலைக்குழுவில் இருந்த சோ யோங்காங்குக்கு 2015-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. விழுந்த புலியைப் பற்றி ஊரே பேசும். விழாத புலியின் பெயரை எடுக்கமாட்டார்கள். நீங்களும் எடுக்காதீர்கள், வீசாட் குழுக்களில் சுத்தமாக வேண்டாம். கணக்கு உங்கள் செல்பேசி எண்ணோடும், அந்த எண் உங்கள் பாஸ்போர்ட்டோடும் கட்டப்பட்டிருக்கிறது.

‘இந்தியாவில் எப்படி?’ என்று கட்டாயம் கேட்பார்கள். தாலுகா அலுவலகக் கதை ஒன்றை எடுத்துவிடுங்கள். எனக்கு அதில்தான் நட்பு ஆரம்பித்தது. அவர்கள் ஊரைப் பற்றி அவர்களே சொல்லட்டும், நீங்கள் தீர்ப்பு சொல்லப் போகாதீர்கள்.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு இன்னொன்று. 2021 விதிப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம். பதிவுசெய்ய உண்மையான அடையாள எண் வேண்டும். பாஸ்போர்ட்டை ஏற்காத விளையாட்டுகளும் உண்டு. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். பெட்டியில் இடமிருந்தால் ஒரு ஜோடி தாயக்கட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.