ஒலி மெனு அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது. மடிக்கணினியில் ஏதோ ஒரு வீடியோ திடீரென்று அலறுகிறது. கை பதறிப்போய் திரை மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் ஐகானைத் தேடுகிறது. ஒலி மெனுவைப் பெரும்பாலும் இப்படிப்பட்ட அவசரத்தில்தான் திறக்கிறோம். மெனுவை வடிவமைத்து நிரல் எழுதுபவர்கள் அந்த அவசரத்தை மறந்துவிட்டு, ஈக்வலைசர் (ஒலியின் தன்மையை மாற்றும் கருவி) முதல் மைக் அமைப்பு வரை எல்லாவற்றையும் அதில் திணிப்பதுதான் முதல் தவறு. திறந்ததும் ஸ்லைடரும் மியூட்டும் கைக்குச் சிக்க வேண்டும். மற்றதெல்லாம் அமைப்புகள் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்லைடருக்குள்ளேயே பெரிய தவறு ஒன்று உண்டு. அது நிற்கும் இடத்தை அப்படியே ஒலி அலையின் வீச்சாக, அதாவது அலையின் உயரமாக, எடுத்துக்கொள்வார்கள். வீச்சைப் பாதியாக்கினால் 6 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால் 100-லிருந்து 50-க்கு இழுத்தும் சத்தம் அவ்வளவாகக் குறைந்ததாகத் தெரியாது. பெரிய மாற்றமெல்லாம் ஸ்லைடரின் கீழ்க்கோடியில், 10-க்கும் 0-க்கும் நடுவில், நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். இரவில் மெல்லப் பாட்டுக் கேட்பவர் அந்த விரற்கடை இடத்துக்குள் 3-ஆ 4-ஆ என்று தடவிக்கொண்டிருப்பார். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருள் இதை மும்மடிக் கணக்கால் சரிசெய்கிறது. ஸ்லைடர் 50 சதவீதத்தில் நின்றால் 0.5 × 0.5 × 0.5, அதாவது முழு வீச்சில் 0.125 பங்கு, சுமார் 18 டெசிபல் குறைவு. ஒரே வரி நிரல்தான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மியூட்டை வெறும் பூஜ்ஜியமாக எழுதுவது அடுத்த தவறு. மியூட்டை எடுத்ததும் பழைய அளவு அப்படியே திரும்ப வேண்டும். மியூட்டில் இருக்கும்போது ஒருவர் சத்தத்தைக் கூட்டினால், அவருக்குச் சத்தம் வேண்டும் என்றுதானே அர்த்தம்? அப்போது மியூட் தானாக விலகிவிட வேண்டும்.

அப்புறம், ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே அளவை வைக்காதீர்கள். நூலகத்தில் ஒருநாள் என் ஹெட்போன் வயர் கழன்றுகொண்டது. ஹெட்போனுக்கு வைத்திருந்த அதே 80 சதவீதத்தில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது. அறையே திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனி அளவை நினைவில் வைப்பது அப்போதிலிருந்து எனக்குக் கட்டாய விதி.

பாட்டை நிறுத்தும் பொத்தான்களை மெனுவிலேயே வைப்பது நல்ல வழக்கம். 2010 அக்டோபரில் வந்த உபுண்டு 10.10 என்ற லினக்ஸ் பதிப்பில் அதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் திறந்து கிடக்கும் ஒவ்வொரு பிரவுசர் டேபுக்கும் ஒரு வரிசை என்று அடுக்கினால் ஸ்லைடர் கீழே போய்விடும். இப்போது பாடுவதை மட்டும் காட்டினால் போதும். செயலிவாரி அளவுக்கு, விண்டோஸ் விஸ்டா செய்ததுபோல, தனி மிக்ஸர் சாளரமே சரியான இடம்.

கடைசியாக, சுட்டியால் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பார்வையற்றவர் ஒருவர் தெரியாமல் மியூட்டை அழுத்திவிட்டால், திரையைப் படித்துச் சொல்லும் குரலும் சேர்ந்து நின்றுபோகும். மெனு எங்கே என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. விசைப்பலகையின் மியூட் விசையை இன்னொரு தடவை தட்டினால் அந்தக் குரல் திரும்பி வருகிறதா என்று நீங்களே கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள்.